பத்துத் தடைகள், பதின்மூன்று விநாடிகள்

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையில் ஏறத்தாழ அரை நிமிடம் நிற்கும். இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறி முடிப்பதற்குள் ஆண்களுக்கான 110 மீட்டர் தடை ஓட்டத்தை இரண்டு முறை ஓடி முடித்துவிடலாம். 2025 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் அமெரிக்காவின் கோர்டெல் டின்ச் 12.99 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அடுத்த இரண்டு இடங்களையும் ஜமைக்கா பிடித்தது. ஒர்லாண்டோ பென்னட் 13.08, டைலர் மேசன் 13.12. தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் நடுவே இருந்தது 0.13 விநாடி. ஒலிம்பிக் சாம்பியனும் மூன்று முறை உலகச் சாம்பியனுமான கிராண்ட் ஹாலோவே அரையிறுதியிலேயே வெளியேறிவிட்டார். தங்கம் வென்ற டின்ச்சோ, இடையில் சில ஆண்டுகள் ஓட்டத்தை விட்டுவிட்டு செல்போன் விற்றுப் பிழைத்தவர்.

அந்தப் போட்டியின் முதல் சுற்றில் ஓர் இந்தியரும் ஓடினார். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த தேஜஸ் ஷிர்சே. 13.57 விநாடி. அடுத்த சுற்றுக்குப் போக அது போதவில்லை. மறுநாள் நாளிதழ்களில் அது ஒரு சிறு செய்தி. ஆனால் இந்த ஓட்டத்துக்கும் சென்னைக்கும் நூறாண்டு உறவு உண்டு. அந்த உறவு தொடங்கிய இடத்துக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினால் போய்விடலாம். சைதாப்பேட்டையில் இறங்கினால் போதும்.

அங்கே போகுமுன் இந்த ஓட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ஏனெனில் தடகளத்தில் இவ்வளவு கறாரான கணக்குள்ள ஓட்டம் வேறு இல்லை.

பாதையில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் 106.7 சென்டிமீட்டர் உயரம், அதாவது மூன்றரை அடி. புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13.72 மீட்டர். தடைக்கும் தடைக்கும் நடுவே 9.14 மீட்டர். பத்தாவது தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 14.02 மீட்டர். விசித்திரமாகத் தெரியும் இந்த எண்களைக் கெஜத்தில் மாற்றிப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது 120 கெஜ ஓட்டம். முதல் தடைக்கு 15 கெஜம், பிறகு பத்துப் பத்துக் கெஜம். உலகம் மீட்டருக்கு மாறியபோது மொத்தத் தூரம் 110 மீட்டராக நீண்டது. தடைகள் பழைய கெஜக் கணக்கிலேயே நின்றுவிட்டன.

இந்த இடைவெளியில்தான் ஓட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. தடைக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று முன்பே வீரர் தரையை விட்டு எழும்பிவிடுவார். தடையைக் கடந்து ஒன்றேகால் மீட்டர் தள்ளிக் கால் ஊன்றுவார். மீதமிருப்பது ஐந்தே முக்கால் மீட்டர் அளவுக்குத்தான். அதற்குள் சரியாக மூன்று அடிகள் வைக்க வேண்டும். வேக ஓட்டக்காரரின் இயல்பான அடி இரண்டு மீட்டரைத் தாண்டும். உசேன் போல்ட்டின் அடி இன்னும் நீளம். தடை ஓட்டக்காரரோ இரண்டு மீட்டருக்கும் குறைந்த அடிகளை வைக்க வேண்டும், வேகமும் குறையக் கூடாது. அடியைச் சுருக்கிக்கொண்டே கால்களின் சுழற்சியைக் கூட்டுவது, உடம்பின் இயல்புக்கு எதிரான வேலை. நூறு மீட்டரில் மின்னலாகப் பறப்பவர்களில் பலர் தடை ஓட்டத்துக்கு வந்து திணறுவது இதனால்தான்.

மூன்று அடிகள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒற்றைப்படையில் அடி வைத்தால்தான் ஒவ்வொரு தடையிலும் ஒரே கால் முன்னே போகும். நான்காக்கினால் கால் மாறும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், நேரமும் வீணாகும். முதல் தடைக்குப் போக முன்பெல்லாம் பெரும்பாலோர் எட்டு அடிகள் வைத்தார்கள். கியூபாவின் டேரன் ரோப்லஸ் போன்றவர்கள் ஏழில் போய்ச் சேர்ந்தார்கள். ஒலிம்பிக் தங்கம் வென்ற சீன வீரர் லியு ஷியாங், புகழின் உச்சத்தைத் தொட்டு வந்த பிறகு, எட்டிலிருந்து ஏழுக்கு மாறினார். ஓர் அடியைக் குறைப்பதற்காகத் தன் தொடக்கத்தையே அவர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

தேர்ந்த வீரர் ஒரு தடையிலிருந்து அடுத்த தடையைக் கடந்து கால் ஊன்ற எடுத்துக்கொள்வது ஏறத்தாழ ஒரு விநாடி. உலகச் சாதனை 12.80 விநாடி. 2012-ல் பிரஸ்ஸல்ஸில் அமெரிக்காவின் ஏரிஸ் மெரிட் ஓடியது. ஹாலோவே 2021-ல் 12.81 வரை வந்தார். அந்த நூற்றில் ஒரு பங்கு விநாடியை இன்னும் யாராலும் சுரண்டி எடுக்க முடியவில்லை.

இனி சைதாப்பேட்டைக்கு வரலாம்.

ஸ்டேஷனிலிருந்து சிறிது தூரத்தில், நந்தனத்தில், அடையாற்றங்கரையில் இருக்கிறது ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1920-ல் சென்னையில் இதைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் விசிலோடு நின்ற பல தலைமுறை பி.டி. மாஸ்டர்களுக்குப் பாடம் சொன்ன இடம் அது. இந்தியாவில் ஒலிம்பிக் இயக்கம் கால் ஊன்றியபோது மாகாணந்தோறும் அமைப்புகளை உருவாக்க உழைத்தவர்களில் பக் முக்கியமானவர். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணி புறப்பட்டபோது மேலாளராகச் சென்றவரும் அவர்தான்.

அந்தச் சிறிய அணியில் சென்னை மாகாணத்தின் சார்பில் ஒரு மருத்துவர் இருந்தார். சி.கே. லட்சுமணன். 1898-ல் கண்ணூரில் பிறந்தவர். கண்ணூர் அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அவர் ஓடிய ஓட்டம் 110 மீட்டர் தடை ஓட்டம். முதல் சுற்றோடு அவருடைய ஒலிம்பிக் முடிந்துவிட்டது. கேரளத்தில் இன்று அவரை ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் மலையாளி என்று பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். சென்னையின் பெயரைச் சுமந்து சென்றவரைச் சென்னை மறந்துவிட்டது. பின்னாளில் அவர் மத்திய அரசின் சுகாதாரப் பணிகளுக்குத் தலைமை இயக்குநரானார். இந்தியாவின் பொதுச் சுகாதார வரலாற்றிலும் அவர் பெயர் உண்டு. இரண்டு துறைகளில் தேசத்துக்காக நின்ற மனிதருக்கு நம் ஊரில் ஒரு தடகளக் கோப்பையாவது இருக்க வேண்டும்.

பாரிஸில் அவர் தாண்டிய தடை இன்றைய தடையைப் போன்றதல்ல. தலைகீழாக நிறுத்திய T வடிவத்தில், கனமான கட்டைகளால் ஆனது. காலில் பட்டால் எளிதில் சாயாது, அடி வீரருக்குத்தான். விதியும் கடுமை. மூன்று தடைகளைத் தட்டிவிட்டால் ஓட்டக்காரர் நீக்கப்படுவார். அதே பாரிஸ் இறுதிப் போட்டியில் மூன்றாவதாக வந்த அமெரிக்கர் ஜார்ஜ் கத்ரி அப்படித்தான் பதக்கத்தை இழந்தார். வெண்கலம் ஸ்வீடனின் ஸ்டென் பெட்டர்சனுக்குப் போனது. தங்கம் வென்ற டேனியல் கின்சிக்கும் வெள்ளி வென்ற தென்னாப்பிரிக்காவின் சிட்னி அட்கின்சனுக்கும் ஒரே நேரம், 15.0 விநாடி. கடைசித் தடையில் தடுமாறியதால் தங்கத்தைத் தவறவிட்ட அட்கின்சன், நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்து ஆம்ஸ்டர்டாமில் அதை வாங்கிவிட்டார்.

பழைய விதியின் கொடுமைக்கு இன்னொரு சாட்சி 1932 லாஸ் ஏஞ்சலிஸ். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் அயர்லாந்தின் பாப் டிஸ்டல் முதலாவதாக வந்தார். உலகச் சாதனையைவிடக் குறைந்த நேரம். ஆனால் கடைசித் தடையைத் தட்டிவிட்டிருந்தார். தங்கத்தை அவரிடம் கொடுத்தார்கள். சாதனையை இரண்டாவதாக வந்த கிளென் ஹார்டின் பெயரில் எழுதினார்கள். 1930-களின் நடுவில் L வடிவத் தடை வந்தது. இடித்தால் முன்பக்கம் சாய்ந்து வழிவிடும். இன்றைய தடையைச் சாய்க்க நான்கு கிலோவுக்கும் குறைந்த விசை போதும். வேண்டுமென்றே தள்ளாதவரை எத்தனை தடைகள் விழுந்தாலும் குற்றமில்லை. பயம் குறைந்தது. வீரர்கள் தடையை உரசிக்கொண்டு பறக்கத் தொடங்கினார்கள்.

அடுத்தவர் பாதையில் கை பட்டால் மட்டும் மன்னிப்பில்லை. 2011-ல் தென்கொரியாவின் தேகுவில் ரோப்லஸ் முதலாவதாக வந்தும் தங்கம் கிடைக்கவில்லை. பக்கத்துப் பாதையில் ஓடிய லியு ஷியாங்கின் கையை அவர் கை இடையூறு செய்ததாகத் தீர்ப்பானது. தங்கம் ஜேசன் ரிச்சர்ட்சனுக்குப் போனது. 2022-ல் அமெரிக்காவின் யூஜினில் நடந்தது அதைவிட மனத்தை வருத்துவது. உள்ளூர் மக்களின் செல்லப்பிள்ளை டெவன் ஆலன் துப்பாக்கி ஒலித்த 0.099 விநாடியில் கிளம்பிவிட்டார் என்று கருவி சொன்னது. அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச நேரம் 0.100. ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்காக, உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் ஓர் அடிகூட ஓடாமல் அவர் வெளியேற்றப்பட்டார்.

லியு ஷியாங்கின் கதையைச் சொல்லாமல் இந்த ஓட்டத்தைப் பற்றி எழுதுவது நியாயமில்லை. வேக ஓட்டங்களில் ஆசியர்களுக்கு இடமில்லை என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, 2004 ஏதென்ஸில் 12.91 விநாடியில் ஓடி அவர் தங்கம் வென்றார். இரண்டு ஆண்டுகளில் 12.88 என்று உலகச் சாதனையும் படைத்தார். 2008-ல் சொந்த மண்ணில், பெய்ஜிங்கில், குதிகால் காயத்தால் முதல் சுற்றிலேயே விலகினார், அரங்கம் அழுதது. 2012 லண்டனில் முதல் தடையிலேயே மோதி விழுந்தார். எழுந்து, பாதையின் ஓரமாக ஒற்றைக் காலில் தத்தித் தத்தி நடந்து, கடைசித் தடையை முத்தமிட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பிறகு ஆசியாவின் பையன்கள் யாரும் இந்த ஓட்டத்தை அயலாருடையது என்று நினைக்கவில்லை. 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஜப்பானின் ஷுன்யா தகாயாமாவும் குவைத்தின் யாகூப் அல் யூஹாவும் ஒரே நேரத்தில், 13.41 விநாடியில், கோட்டைத் தொட்டார்கள். இருவருக்கும் தங்கம்.

இந்தியாவின் கணக்கு இதைவிடப் பழையது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே கொல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிச்சர்ட் இந்த ஓட்டத்தில் இறுதிச் சுற்று வரை போயிருக்கிறார். 1954 மணிலா ஆசியப் போட்டியில் ராணுவ வீரர் சர்வண் சிங் தங்கம் வென்றார். ஓய்வுக்குப் பிறகு அம்பாலாவில் டாக்ஸி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றிய அவர், அந்தத் தங்கப் பதக்கத்தையே விற்க நேர்ந்தது என்ற செய்தி நாட்டை உறுத்தியது. பான் சிங் தோமர் என்ற திரைப்படம் முடியும்போது திரையில் வரும் விளையாட்டு வீரர்களின் பெயர்களில் அவருடையதும் ஒன்று.

பிறகு 1964 டோக்கியோ. இந்திய அணியின் கொடியை ஏந்திச் சென்ற குர்பச்சன் சிங் ரந்தாவா, 110 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் ஐந்தாவதாக வந்தார். 14 விநாடிக்குச் சற்று மேல். ஒலிம்பிக்கில் கரிப் பாதையில் ஓடிய கடைசித் தலைமுறை அது. அவர் தடை ஓட்டத்தில் மட்டும் தேர்ந்தவர் அல்லர். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பத்து விளையாட்டுகள் கொண்ட டெகாத்லானில் தங்கம் வென்றவர். ஒலிம்பிக்கின் இந்த ஓட்டத்தில் அவர் தொட்ட இடத்தை அறுபது ஆண்டுகள் கடந்தும் எந்த இந்தியரும் தொடவில்லை.

இப்போதைய தேசியச் சாதனை தேஜஸ் ஷிர்சேயுடையது. 2024 மே மாதம் பின்லாந்தில் 13.41. சித்தாந்த் திங்களாயா 2017-ல் ஓடிய 13.48-ஐ அது கடந்தது. ஹாங்சோவில் தங்கம் பெற்றுத் தந்த நேரமும் இதே 13.41தான் என்பதை இந்திய ரசிகர்கள் கவனிக்க வேண்டும். தேஜஸ் வளர்ந்தது புவனேஸ்வரில் ஜேம்ஸ் ஹில்லியர் என்ற பிரிட்டிஷ் பயிற்சியாளரிடம். பெண்களுக்கான 100 மீட்டர் தடை ஓட்டத்தில் 13 விநாடிக்குள் ஓடிய முதல் இந்தியப் பெண்ணான விசாகப்பட்டினத்தின் ஜோதி யர்ராஜியும் அவருடைய மாணவிதான். நல்ல தளம், தடை ஓட்டத்தையே உயிராகக் கருதும் பயிற்சியாளர், கூட ஓடப் போட்டியாளர்கள். ஓரிடத்தில் இந்த மூன்றும் சேர்ந்தன; ஆண், பெண் இரு பிரிவுகளிலும் தேசியச் சாதனை அங்கிருந்தே வந்தது.

தமிழ்நாடு இதில் எங்கே நிற்கிறது? 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நாம் தலைநிமிர்ந்து நிற்கிறோம். அவிநாசிப் பக்கத்தின் தருண் அய்யாசாமி 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 48.96 விநாடியில் வெள்ளி வென்றார். சந்தோஷ்குமார் தமிழரசன் 2023 ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றார். கோவையின் இரட்டையர்களில் வித்யா ராம்ராஜ், ஹாங்சோவில் 55.42 விநாடியில் ஓடி பி.டி. உஷாவின் 1984-ம் ஆண்டு சாதனையைச் சமன் செய்து, பிறகு இறுதியில் வெண்கலமும் வாங்கினார். அவருடைய சகோதரி நித்யா அதே போட்டியில் 100 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் ஓடினார். லட்சுமணனின் ஓட்டத்தில் மட்டும் அந்த உயரத்துக்குப் போன தமிழ்நாட்டு ஆண் ஒருவரும் இல்லை.

காரணம் திறமைக் குறைவல்ல. 400 மீட்டரில் தடைகளுக்கு நடுவே 35 மீட்டர் இருக்கிறது, உயரமும் 91.4 சென்டிமீட்டர்தான். நல்ல ஓட்டக்காரர் இருபது வயதில் வந்தும் கற்றுக்கொள்ள வழியுண்டு. 110 மீட்டர் அப்படி இடம் கொடுக்காது. 18 வயதுக்கு உட்பட்டோருக்குத் தடை 91.4 சென்டிமீட்டர். 20 வயதுக்கு உட்பட்டோருக்கு 99.1. அதன் பிறகு 106.7. இரண்டு மூன்று ஆண்டுகளில் தடை அரை அடி உயர்ந்துவிடுகிறது, இடைவெளி மாறுவதில்லை. பள்ளி நாட்களிலேயே அந்த மூன்று அடிகளின் தாளம் உடம்பில் ஏறியிருக்க வேண்டும். குறுவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு உயரமான பையனைக் கூப்பிட்டு, “நீ ஹர்டில்ஸில் பேர் கொடு” என்று சொல்வதால் தாளம் வந்துவிடாது. விழுந்து முழங்கால் தேய்ந்தவன் மறு ஆண்டு அந்தப் பக்கமே வரமாட்டான்.

தென்சென்னைப் புறநகரில் இதற்கான வாய்ப்புகள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் மரங்கள் அடர்ந்த வளாகம் இருக்கிறது. வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வடக்கே பக் தொடங்கிய கல்லூரி, தெற்கே அரசு நடத்தும் பல்கலைக்கழகம். நடுவே பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் என்று நூற்றுக்கணக்கான பள்ளிகள். பயிற்சி தரக்கூடியவர்களும் கற்கக்கூடிய பிள்ளைகளும் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை வகுப்பில் இவர்களைச் சந்திக்க வைக்க முடியாதா?

பெரிய செலவும் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்றரை அடித் தடை தேவையில்லை; ஒரு முழ உயரத்தில் பி.வி.சி. குழாயில் செய்த தடைகள் போதும். மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ப இடைவெளியைக் குறைத்து வைத்தால், சில வாரங்களில் மூன்று அடி தாளம் படிந்துவிடும். தடையை மேலே குதித்துத் தாண்டக் கூடாது, ஓட்டத்தோடு ஓட்டமாகக் கடக்க வேண்டும் என்ற முதல் பாடம் இந்த வயதில்தான் எளிதாக வரும். சிமென்ட் தளத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டியும், 2025 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு இடையிலான தேசிய சீனியர் தடகளப் போட்டியும் பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் நடந்தன. தாம்பரத்திலிருந்து பார்க் ஸ்டேஷன் வரை ரயில், பிறகு நடக்கும் தூரம். அடுத்த முறை அப்படி ஒரு போட்டி வரும்போது பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தடைகள் வரிசையாக நிற்கும் பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். ஒருமுறை நேரில் பார்த்த பிள்ளை வீட்டுக்கு வந்ததும் தாண்டிப் பார்க்கக் கேட்கும். அப்போது பள்ளிக்குப் போய் பி.டி. மாஸ்டரிடம் கேளுங்கள்: “சார், நம்ம ஸ்கூலில் ஹர்டில்ஸ் இருக்கா? இல்லேன்னா நாங்க சேர்ந்து வாங்கித் தரட்டுமா?”